பதிவில் வராத தும்மல்

கச்சேரியடியில் மான்கள் பாதையைக் கடந்து முடியுமட்டும்
பஸ் நிற்கிறது.
அதற்குள் எனக்கு ஏழு.

"நூறு" என்றாள் பக்கத்து ஆசனத்து ஜெசிந்தா.
அடுத்ததற்கு "இருநூறு".
எழுநூறில் அலுத்துப்போய்
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அந்தக் கணக்கில்
மாசி பிறந்ததிலிருந்து ஒரு யுகம் வாழ்ந்துவிட்டேன்.
லேஞ்சிதான் ஒன்றும் மிஞ்சவில்லை.

கோட்டில் நான் சுருக்கெழுத்து.
காணி வழக்கு. வில்வரத்தினம் கூண்டில் ஏறி
சத்தியம் செய்ய வாய் திறக்க
நான் தும்மினேன்.
ஒற்றைத் தும்மல்.
வழக்குத் தவணை போனது.
படியிறங்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில்
நாலு பரப்புக் காணி இருந்தது.

வீட்டில் வேறு விசாரணை.
தயாபரன் முதலில் பூனையைப் பிடித்தார்,
பிறகு சாம்பிராணியை,
பிறகு கருவாட்டுப் பெட்டியை.
கடைசியில் தீர்ப்பு மல்லிகைக்கு.
இரண்டு வருஷம் பூவில்லாத தலையோடு
பத்திரகாளி கோயிலுக்குப் போய்வந்தேன்.
"அவர் சுகமாய் இருக்கிறாரோ?" என்று
மெல்லக் கேட்டார்கள்.

டொக்டர் ஃபஹ்மிதா
என் முன்னங்கையில் பேனையால் கட்டம் போட்டார்.
கட்டத்துக்கு ஒரு துளி,
துளிக்குள் ஒரு குத்து.
கால் மணித்தியாலம் சொறியக் கூடாது.
பூனை வாய் திறக்கவில்லை.
தூசு கொஞ்சம் முணுமுணுத்தது.
ஐந்தாம் கட்டம்
நுளம்பு கடித்ததுபோல் தடித்து எழும்பியது.
"சவுக்கு" என்றார்.

மல்லிகைக்குப் பூச்சி வேணும்.
அதற்குத்தான் அந்த மணம், அந்த வெள்ளை உடுப்பு.
அதன் மகரந்தம் பாரம், பிசுபிசுப்பு,
ஒரு காலில் ஒட்டினால்தான் பயணம்.
சவுக்குக்கு ஒருவரும் தேவையில்லை.
ஊசி நுனிகளில் துருவின் நிறத்தில்
பூவென்று எவரும் சொல்லாத பூ.
வாடை ஓய்ந்து வெயில் ஏறும் காலையில்
எல்லாவற்றையும் காற்றில் கொட்டிவிடும்,
ஒரு பெண்பூவைச் சேர ஒரு கோடி.
மிச்சம்
உப்புவெளியில் காயும் சட்டைகளுக்கு,
பள்ளிக்கூட மேசைகளுக்கு,
என் மூக்குக்கு.

"நஞ்சோ, டொக்டர்?"
"இல்லை. மா மாதிரி. அது ஒன்றும் செய்யாது."
"அப்ப?"
"செய்வது நீங்கள்தான்."

கோபம் வந்தது.
வீட்டுக்கு வரும் வழியில், பழைய காவலரண் இருந்த வளைவில்,
விளங்கியது.
உள்ளே ஒரு சென்ரி நிற்கிறான்.
முதல் தரம் வந்த துகளை மறிக்கவில்லை,
பேரை மட்டும் எழுதிக்கொண்டான்.
அடுத்த மாசியில் அதே பேர் வர
மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து
எல்லாத் துவக்கும் ஒரேயடியாய்.
கண்ணில் நீர், மூக்கில் நீர், அண்ணத்தில் அரிப்பு.
அடிபட்டதெல்லாம் சொந்த வீடு.
யுத்தம் முடிந்து இத்தனை வருஷம்,
அந்த லிஸ்டை இன்னும் ஒருவரும் கிழிக்கவில்லை.

குளிசை தந்திருந்தார், மூக்குக்கு ஸ்பிரே.
விடியலில் யன்னலைத் திறக்காதீர்கள்,
உடுப்பை உள்ளே காயப்போடுங்கள்.
"வீட்டுக்குக் கிட்டச் சவுக்கு நிற்குதோ?"

நிற்கிறது. நிலாவெளி ரோட்டில் ஒரு நீள வரிசை.
கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருஷம்
ஏ.எல். பிள்ளைகளை லொறியில் ஏற்றிப் போய்
ஆளுக்குப் பத்துக் கன்று.
காற்றை மறிக்கும், அலையை மறிக்கும் என்றார்கள்.
என் பத்தில் ஆறு தப்பியது.
அன்றைக்கு முழங்காலளவு,
இன்றைக்குக் கரண்ட் கம்பிக்கு மேலே.

வெட்டச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுது என்கிறார் தயாபரன்.
எழுதத் தொடங்கினேன்.
"மேற்படி மரங்கள்" வரை வந்தது.
அங்கேயே நிற்கிறது.

இன்றைக்கு மறுபடி வில்வரத்தினம்.
குளிசை கண்ணைச் சொருக வைக்கிறது.
சுருக்கெழுத்தில் தும்மலுக்குக் குறியில்லை,
பென்சிலைச் சீவி வைத்துக் காத்திருக்கிறேன்.
கூண்டில் ஏறியவர்
"நான் சொல்வதெல்லாம்" என்று தொடங்கி
நிறுத்தி
என் முகத்தைப் பார்க்கிறார்.
பிறகு நீதிபதியும் பார்க்கிறார்.
மின்விசிறி சுற்றுகிறது.